முகம் தெரியும், ஆளைத் தெரியாது



சங்கம் என்றால் என்ன என்று கேட்டால் நம்மில் பலர் சந்தா ரசீது, ஆண்டுப் பொதுக்குழு, பொன்னாடை, மதியச் சாப்பாடு என்று வரிசையாகச் சொல்லிவிடுவோம். எல்லாம் வேண்டியவைதான். ஆனால் இவ்வளவும் இருந்தும், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று நமக்குத் தெரிவதில்லை. பெயர் தெரியும். எந்த அலுவலகத்தில் எந்தப் பதவியில் ஓய்வு பெற்றார் என்று தெரியும். அதற்குமேல் ஒன்றும் தெரியாது. இதற்கு ஒரு மருந்து உண்டென்றும், அதை நாமும் சாப்பிட்டுப் பார்க்கலாமென்றும் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. மருந்தை நான் கண்டது பாரிசுக்கு வெளியே, சுவரேறிப் பழகும் ஒரு கூடத்தில். சிரிக்காமல் கடைசிவரை படியுங்கள்.

சுவரேறுவது என்றதும் நம் வயதுக்காரர்களுக்குத் திருடன் ஞாபகம் வரும். பிரான்சில் அது பெரிய விளையாட்டு. பாரிசுக்குத் தெற்கே சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் ஃபோந்தேன்ப்ளோ காடு இருக்கிறது. காடு முழுக்க ஆள் உயரம், இரண்டு ஆள் உயரம் என்று மணற்பாறைகள். எந்தப் பாறையை எந்த வரிசையில் ஏறுவது என்று வண்ண அடையாளம் போடும் பழக்கம் 1940-களின் கடைசியிலேயே அங்கே வந்துவிட்டது. மழையிலும் குளிரிலும் பாறைக்குப் போக முடியாதவர்களுக்காக, ஊருக்குள் கூரைக்கடியில் செயற்கைச் சுவர்கள் எழும்பின. அந்தக் கூடத்தை 'சால் தெஸ்கலாத்' என்பார்கள். நம் பிள்ளைகள் கிளைம்பிங் ஜிம் என்பார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் இந்த விளையாட்டு முதன்முதலாகச் சேர்ந்தது. 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கின்போது நம் தமிழர்கள் நிறையப் பேர் வசிக்கும் லா கூர்நேவுக்குப் பக்கத்து ஊரான ல பூர்ழேயில்தான் இந்தப் போட்டிகள் நடந்தன. இந்தோனேசியாவின் வெட்ரிக் லியோனார்டோ என்ற பையன் 15 மீட்டர் சுவரை 4.75 விநாடியில் ஏறித் தங்கம் வாங்கினான். நமக்கு ஒரு மாடி ஏறவே அதைப்போல் பத்து மடங்கு நேரம் ஆகிறது.

என் பேத்தி போகிற கூடத்தில் இரண்டு வகைச் சுவர் இருக்கிறது. ஒன்று நான்கு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான உயரம். கயிறு கிடையாது. கீழே முழங்கால் உயரத்துக்குத் தடித்த மெத்தை. விழுந்தால் மெத்தையில் விழ வேண்டும். இன்னொன்று உயரமான சுவர். அதில் இடுப்பில் பட்டை கட்டி, கயிறு பிணைத்துக்கொண்டு ஏறுகிறார்கள். கயிற்றின் மறுமுனை கீழே நிற்கும் ஒருவர் கையில் இருக்கும். அவருடைய வேலை, மேலே போகிறவர் கால் தவறினால் கயிற்றைப் பிடித்து நிறுத்துவது. ஏறும் முன் இரண்டு பேரும் ஒருவர் முடிச்சை இன்னொருவர் தொட்டுப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். சரி சொல்லாமல் யாரும் தரையை விட்டுக் காலெடுப்பதில்லை. கோப்பில் இரண்டு கையெழுத்து இல்லாமல் பணம் பட்டுவாடா ஆகாது அல்லவா, அதே ஏற்பாடுதான்.

இப்படிப்பட்ட இடத்தில் மனிதர்கள் தாமாகவே நெருங்கிவிடுவார்கள் என்று தோன்றும். அதுதான் இல்லை. சுவரில் தொங்கும் நேரம் இரண்டு மூன்று நிமிடம். பிறகு கை விரல் ஓயும்வரை கீழே உட்கார்ந்திருக்கும் நேரம் அதைவிட அதிகம். அந்த நேரத்தில் பேசலாம். ஆனால் காதில் கருவி, கையில் செல்பேசி. "பொன்ழூர்" என்பார்கள், ஏறுவார்கள், போய்விடுவார்கள். பக்கத்தில் பெரிய பெரிய நிறுவனங்களின் கூடங்கள் திறந்துகொண்டே இருப்பதால், எங்கே கட்டணம் குறைவோ அங்கே ஆள் நகர்ந்துவிடும் கவலை வேறு நடத்துகிறவர்களுக்கு.

அவர்கள் செய்த ஏற்பாடு இதுதான். பதினைந்து நாளுக்கு ஒரு உறுப்பினரை உட்காரவைத்து, அவர் கதையை அவரே சொல்ல, மூன்று நிமிடத்துக்குள் ஒரு வீடியோ. எடுப்பது இன்னொரு உறுப்பினர், சாதாரணச் செல்பேசியில். பின்னணி இசை இல்லை. கேள்வி மூன்றே மூன்று. இங்கே முதன்முதலாக வந்த நாள் எப்படி இருந்தது? எதைக் கண்டு பயம்? மற்றவர்களுக்கு உங்களால் என்ன செய்ய முடியும்? அந்த வீடியோ காப்பி விற்கும் மேசைக்குப் பக்கத்துத் தொலைக்காட்சியில் ஓடும். உறுப்பினர் குழுவுக்கும் போகும்.

கடைசியாக அங்கே போயிருந்தபோது அந்த மேசையில் உட்கார்ந்து பத்துப் பன்னிரண்டு வீடியோக்களைப் பார்த்தேன். எல்லாமே நன்றாக இருந்ததாகச் சொல்ல மாட்டேன். சிலர் பள்ளிக்கூடத்து ஒப்புவித்தல் மாதிரி பேசினார்கள். ஆனால் சில மனதில் நின்றன. இரவுப் பணி முடித்து நேரே வரும் ஒரு நர்ஸ், வீட்டுக்குப் போனால் தூக்கம் வராது, இங்கே இரண்டு தடவை விழுந்தால்தான் வரும் என்றாள். ஆறு வருடமாக ஏறுகிற ஒரு கணக்காளர், கடைசிப் பிடியில் இரண்டு கையையும் வைக்க இன்றுவரை பயம் என்று சொன்னார். பிறகு மெட்ரோ ரயில் ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர். வயது எழுபதுக்குச் சற்றுக் கீழே. மனைவி இறந்த பிறகு ஏற ஆரம்பித்தாராம். செவ்வாய்க்கிழமை காலையில் வருவது ஏன் என்று கேட்டதற்கு, செவ்வாய்க்கிழமைகளில்தான் அவளும் நானும் சந்தைக்குப் போவோம், இப்போது அந்தக் காலைப்பொழுதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை என்று சொல்லிவிட்டு மேலே பேசாமல் இருந்தார். படம் எடுத்தவர் அந்த மௌனத்தை வெட்டாமல் விட்டிருந்தார்.

என் பேத்தி என்னிடம் சொன்னாள்: "ரெண்டு வருஷமா எனக்குக் கயிறு பிடிச்சவர் தாத்தா அவர். அவருக்கு மனைவி இல்லைங்கறதே இந்த வீடியோ பார்த்துத்தான் எனக்குத் தெரியும்."

உயிரையே ஒருவர் கையில் கொடுத்திருக்கிறாள். அவர் வீட்டில் யார் இருக்கிறார் என்று தெரியாது. அந்த வீடியோ ஓடிய பிறகு மூன்று நான்கு பேர் தங்கள் நாளைச் செவ்வாய்க்கிழமை காலைக்கு மாற்றிக்கொண்டார்கள். யாரும் அவரிடம் போய் ஆறுதல் வார்த்தை பேசவில்லை. சுவரேறிவிட்டு அவரோடு சந்தைக்கு நடந்து போகிறார்கள், அவ்வளவுதான். என்னைக் கேட்டால் அந்தக் கூடம் செய்த வேலைகளிலேயே பெரிய வேலை இதுதான். அவர்கள் கட்டிய சுவரைவிட இது உயரம்.

நம் ஊருக்கு வருவோம். மாலை ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டி விடுவதில்லை, காலை ஏழரை வரை நடப்பவர்களுக்குத்தான் சாலை. அதில் காலையில் நடக்கும் நாங்கள் பத்துப் பேர். காந்தி சிலையில் சேருவோம், கோடிவரை போய்த் திரும்புவோம், காப்பி குடித்துவிட்டுக் கலைவோம். அதில் ஒருவரை 'ட்ரெஷரி சார்' என்றே எல்லோரும் அழைப்போம். பதினோரு வருடம் கூட நடந்தவர். ஒரு வாரம் வரவில்லை. மகன் வீட்டுக்குப் போயிருப்பார் என்று பேசிக்கொண்டோம். அவருக்கு மகன் உண்டா என்பதுகூட எங்களில் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. பிறகு முத்தியால்பேட்டைப் பக்கம் ஒரு சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் அவர் முகத்தைப் பார்த்தோம். பெயருக்கு முன்னால் 'கால்பந்து வீரர்' என்று அச்சிட்டிருந்தது. பதினோரு வருடம் கூட நடந்தவர் பந்து ஆடியவர் என்று எங்களுக்குப் போஸ்டர் சொல்லித் தெரிய வேண்டியிருந்தது.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. பாரிசில் 17-ஆவது வட்டாரத்தில் அத்தனாஸ் பெரிஃபான் என்பவர் 1999-இல் 'அண்டை வீட்டார் திருநாள்' என்று ஒன்றை ஆரம்பித்தார். வருடத்தில் ஒரு மாலை, கட்டிடத்தில் இருப்பவர்கள் ஆளுக்கொரு பண்டம் கொண்டுவந்து முற்றத்தில் மேசை போட்டுச் சாப்பிடுவது. அவர் அதை ஆரம்பிக்கக் காரணம், அவர் இருந்த கட்டிடத்தில் ஒரு மூதாட்டி இறந்து நெடுநாள் யாருக்கும் தெரியாமலே கிடந்ததுதான். இன்று அது பல நாடுகளில் நடக்கிறது. சேர்ந்து சாப்பிடுவது ஒரு வழி. கதை சொல்வது இன்னொரு வழி. சாப்பாட்டுக்கு நம்மிடம் குறை இல்லை, ஆண்டு விழாப் பிரியாணிக்குக் கூட்டம் எப்போதும் நிறைவாகவே இருக்கிறது. குறை இருப்பது மற்றதில்.

நாம் அறிமுகம் செய்துகொள்ளும் முறையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எந்த ஊர்? எந்தத் தெரு? யார் வீட்டுப் பிள்ளை? இந்த மூன்று கேள்வியும் சுற்றிவளைத்து எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். விடை கிடைத்ததும் ஆளை ஒரு பெட்டிக்குள் போட்டு மூடிவிடுவோம். நம் ஊரில் கூடுதலாக இன்னொரு கேள்வி: பிரெஞ்சு பென்ஷனா, உள்ளூர் பென்ஷனா? பிறகு எந்த கிரேடில் ஓய்வு? இயக்குநராக இருந்தவர் இருபது வருடம் கழித்தும் முன்வரிசை. குமாஸ்தாவாக இருந்தவன் இருபது வருடம் கழித்தும் நாற்காலி எடுத்துப் போடுகிறவன். இதை நான் பொறாமையில் சொல்லவில்லை. நாற்காலி போட எனக்கு வெட்கமில்லை. ஆனால் அந்தக் கேள்விகளால் ஒருவரைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது என்கிறேன். "எதைக் கண்டு பயம்?" என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு இயக்குநரிடமும் பதில் இருக்கும், டபேதாரிடமும் பதில் இருக்கும். இரண்டும் ஒரே பதிலாகவும் இருக்கலாம்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த என் போன்றவர்களுக்கு அந்தக் கூடத்தில் வேறொரு அதிர்ச்சி காத்திருந்தது. வாத்தியாரிடம் 'வூ' என்றுதான் பேச வேண்டும், 'த்யூ' என்றால் முட்டி போட வேண்டும் என்று வளர்ந்தவர்கள் நாம். நம் நீங்களும் நீயும் மாதிரி. அங்கே வாசலில் நின்ற இருபது வயதுப் பையன் என்னைப் பார்த்து, சிரித்த முகமாக, 'த்யூ' போட்டுப் பேசினான். சுவரேறுகிறவர்களுக்குள் எல்லோரும் 'த்யூ'தானாம், வயதும் பார்ப்பதில்லை, பதவியும் பார்ப்பதில்லை. நம் தமிழில் அந்த அளவுக்குப் போக வேண்டாம். எழுபது வயதில் என்னை யாராவது நீ என்றால் எனக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். ஆனால் பெயருக்குப் பின்னால் அலுவலகத்தைச் சேர்த்து அழைக்கும் வழக்கத்தையாவது விடலாம். 'ட்ரெஷரி சார்' என்று பதினோரு வருடம் அழைத்ததில் அந்த மனிதர் ட்ரெஷரிக்குள்ளேயே இருந்துவிட்டார்.

இனி எதிர்ப்பக்கம். ஒரு நண்பரிடம் இதைச் சொன்னபோது, "அய்யா, அது வியாபாரம், உறுப்பினரை விளம்பரத்துக்குப் பயன்படுத்துகிறார்கள்" என்றார். அதில் பாதி உண்மை. பாரிசிலேயே வேறு கூடங்களின் வீடியோக்களையும் பேத்தி காட்டினாள். கட்டுமஸ்தான இளைஞர்கள், மெதுவாகச் சுழலும் படம், அதிரும் இசை, கடைசியில் கட்டண விவரம். அதைப் பார்த்தால் நமக்கு அங்கே இடமில்லை என்றுதான் தோன்றும். கதை வீடியோவுக்கும் விளம்பரத்துக்கும் வித்தியாசம் எளிது. விளம்பரம் வெளியே இருப்பவனைக் கூப்பிடும். கதை உள்ளே இருப்பவர்களை ஒருவர் பக்கம் ஒருவர் திருப்பும். விளம்பரத்தில் யாரும் விழுவதில்லை. அந்த நர்ஸின் வீடியோவில் அவள் விழுந்ததும் இருந்தது, எழுந்து சிரித்ததும் இருந்தது.

இன்னொன்று, கேள்வி கேட்பவர் வெளியாளாக இருக்கக் கூடாது. அமெரிக்காவில் 2003-இல் நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஒரு சிறு அறை வைத்து 'ஸ்டோரிகார்ப்ஸ்' என்று ஆரம்பித்தார்கள். ஒருவரையொருவர் தெரிந்த இரண்டு பேர் உள்ளே போய் நாற்பது நிமிடம் பேசுவார்கள், குரலைப் பதிவு செய்து தருவார்கள். மகன் தாயைக் கேட்பான், நண்பன் நண்பனைக் கேட்பான். நிருபர் கேட்டால் நாம் பேட்டி கொடுப்போம். கூட நடப்பவர் கேட்டால்தான் பேசுவோம்.

அடுத்த ஆட்சேபம் கனமானது. தனி வாழ்க்கையைக் கடை விரிக்கலாமா? கூடாது. பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 9-ஆவது பிரிவு ஒவ்வொருவரின் தனி வாழ்க்கைக்கும் மதிப்பு வேண்டும் என்கிறது. 1970-இல் சேர்த்த பிரிவு அது. ஒருவர் முகம் அவருக்குச் சொந்தம் என்பது அங்கே குழந்தைக்குக்கூடத் தெரியும். அந்தக் கூடத்தில் எழுதி வாங்கிக்கொண்டுதான் படம் எடுக்கிறார்கள். எடுத்ததை முதலில் பேசியவருக்குக் காட்டுகிறார்கள். வேண்டாம் என்றால் அழித்துவிடுகிறார்கள். எப்போது கேட்டாலும் எடுத்துவிட வேண்டும் என்றும் அந்தத் தாளில் இருக்கிறது.

நமக்கு இன்னும் கூடுதல் ஜாக்கிரதை வேண்டும். போலீஸ் உடையில் வீடியோ அழைப்பில் வந்து 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டி, ஓய்வூதியர்களின் சேமிப்பைத் துடைத்துக்கொண்டு போகிற காலம் இது. யார் தனியாக இருக்கிறார், யார் பிள்ளைகள் வெளிநாட்டில், எந்த வங்கியில் ஓய்வூதியம் என்பதெல்லாம் திருடனுக்கு நாமே எழுதிக் கொடுத்த விலாசம். அதனால் யூடியூபில் போட வேண்டாம். வாட்ஸ்அப் குழுவிலும் வேண்டாம். ஒரு கையிலிருந்து நூறு கைக்குப் போக அங்கே ஒரு நிமிடம் போதும். சங்கக் கட்டிடத்துத் தொலைக்காட்சியில் போடுவோம். நேரில் வந்தவர்கள் பார்ப்பார்கள். வந்து பார்ப்பதில்தானே காரியம் இருக்கிறது. வீடியோ முடிந்து விளக்குப் போட்டதும் பேசியவரே எதிரே உட்கார்ந்திருப்பார். அவரிடம் போய், நீங்கள் எந்த டீமுக்கு ஆடினீர்கள் என்று கேட்கலாம்.

வாட்ஸ்அப் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். தினமும் காலையில் எனக்கு முப்பது பூங்கொத்து வருகிறது. அனுப்புகிறவர்கள் அன்பானவர்கள், குறை சொல்லவில்லை. ஆனால் முப்பது பேரில் முந்தின இரவு யாருக்குத் தூக்கம் வரவில்லை என்று அந்த ரோஜாப்பூ சொல்வதில்லை. பூ வந்துவிட்டால் ஆள் சௌக்கியம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

என் யோசனையைக் குறிப்பாகவே எழுதிவிடுகிறேன். பழைய பழக்கம், விடவில்லை. மாதம் ஒருவர். மூன்று நிமிடத்துக்கு மேல் இல்லை. குலுக்கல் சீட்டில் பெயர் எடுப்பது, இல்லாவிட்டால் தலைவரில் ஆரம்பித்துப் பொருளாளரில் முடிந்துவிடும். பெண் உறுப்பினர்களை ஆண்கள் கேள்வி கேட்கக் கூடாது என்றால் பெண்களே கேட்கட்டும். கணவர் குறுக்கே பேசக் கூடாது. பணியில் வாங்கிய விருது, போட்ட உத்தரவு, பார்த்த மந்திரி, எதற்கும் இடமில்லை. கேள்வி மூன்று. இந்த ஊரில் உங்களுக்குப் பிடித்த இடம் எது, ஏன்? இப்போது எது கஷ்டமாக இருக்கிறது? எங்களுக்கு எதைக் கற்றுத் தருவீர்கள்? மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். முதுமையில் யாரும் நம்மிடம் கேட்காத கேள்வி அது. ஒருவர் ஊறுகாய் போடக் கற்றுத் தரலாம். ஒருவர் பெத்தாங்க் குண்டு எறியக் கற்றுத் தரலாம். ஒருவர் பிரெஞ்சில் தூதரகத்துக்குக் கடிதம் எழுதித் தரலாம். கஷ்டத்தைச் சொன்னவர் கையில் கொடுக்கவும் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தால்தான் அது பரிதாபமாக முடியாது.

செலவு ஒன்றும் இல்லை. செல்பேசி எல்லோரிடமும் இருக்கிறது. தொலைக்காட்சி சங்கத்தில் இருக்கிறது, போன வருடம் கிரிக்கெட்டுக்காக வாங்கியது. வீடியோவைத் தொலைக்காட்சியில் ஓட்டத் தெரிந்த பேரப்பிள்ளை ஒருவன் வேண்டும். அதற்கும் பஞ்சமில்லை.

முதல் மாதம் யாரும் சீட்டு எழுத முன்வராவிட்டால் நான் உட்காரத் தயார். பிடித்த இடம், கஷ்டம், கற்றுத் தருவது மூன்றுக்கும் பதில் வைத்திருக்கிறேன். இரண்டாவதற்கு வைத்திருக்கும் பதில் என் வீட்டுக்காரிக்கே புதிதாக இருக்கும். கேள்வி கேட்க மட்டும் ஒருவர் வேண்டும். முன்பு எனக்கு மேலதிகாரியாக இருந்தவராக இருந்தால் ரொம்ப நல்லது. அவரிடம் எனக்கும் மூன்று கேள்வி இருக்கிறது.